சாப்பாட்டு அலமாரியில் ஒரு பச்சோந்தி

எனக்குக் கல்யாணமாகிக் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வந்த மூன்றாம் வருஷம், என் சாப்பாட்டு அலமாரி பறிபோனது. எண்பதுகளின் தொடக்கம் அது.

என் கணவர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, அவசரமென்றால் பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான். வாரம் ஒருமுறை வரும் டாக்டர், தான் படித்து முடித்த ஆங்கிலப் பத்திரிகைகளை அவருக்கு விட்டுப் போவார். அதில் ஒன்றில் ஆப்பிரிக்காவின் குட்டிப் பச்சோந்திகளைப் பற்றிப் படம் போட்டு எழுதியிருந்தது. கட்டைவிரல் நீளம்தானாம். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டிலேயே வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்களாம். என் கணவர் அந்தப் பக்கத்தைச் சோறு ஆறும்வரை படித்தார். மறுநாளும் படித்தார்.

ஆப்பிரிக்காவுக்குப் போக வழியில்லை. ஒரு சாயங்காலம் கொக்கோ மரத்திலிருந்து பச்சைப் பசேலென்று ஒன்றைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தார். கையில் எடுத்ததும் அது பயத்தில் காப்பித்தூள் நிறத்துக்கு மாறியது.

“பாத்தியா, நெறம் மாறுது. பச்சோந்தி.”

“ஓணான்,” என்றேன்.

மலாய்க்காரர்கள் அதை ‘சும்பா சும்பா’ என்பார்கள். சும்பா என்றால் சாபம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் அடுத்த வீட்டுக் கிராணியின் மனைவி, சாபத்தை யாராவது சொந்தச் செலவில் வீட்டுக்குள் கொண்டுவருவார்களா என்று என்னிடம் விசாரித்தார். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அவர் பங்குக்கு, வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தார். என் கணவர் வேட்டி கட்டுவதில்லை. அதனால் என் சாப்பாட்டு அலமாரிக்குள் விட்டார். நான்கு பக்கமும் கம்பிவலை, எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். இதைவிட நல்ல கூண்டு லண்டனிலும் கிடைக்காது என்றார். என் குழம்புச் சட்டி உறியில் தொங்கியது.

வெட்டுக்கிளியைத் தின்ற அது, கிண்ணத்துத் தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு நாள் அவர் முகமே வாடிவிட்டது. உள்ளே மண்தொட்டியில் நட்டு வைத்திருந்த செம்பருத்திக் கிளை வாடுகிறதே என்று நான் அதன்மேல் தண்ணீர் தெளித்தேன். அது கழுத்தை நீட்டி, இலையில் நின்ற சொட்டுகளை ஒவ்வொன்றாக நக்கிக் குடித்தது. அவரிடம் சொன்னேன். மறுவாரம் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களிடம், பச்சோந்திக்கு இலையில்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தாமே கண்டுபிடித்ததாக விளக்கிக்கொண்டிருந்தார்.

அது ஆண் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். தலையைத் தூக்கிப் பார்க்கும் மிடுக்கே சொல்கிறதாம். அதன் வயிறு பெருத்தது. தம் தீனியின் பலன் என்றார். தொட்டி மண்ணை அது முன்னங்காலால் பறிக்க ஆரம்பித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டதற்கு, விளையாடுகிறது என்றார். மறுநாள் காலையில் அது வயிறு ஒட்டி, கறுத்துப்போய்க் கிடந்தது. மண்ணைக் கிளறினேன். மூன்று முட்டைகள், இரண்டு பக்கமும் கூர்மையாக, பெரிய பெரிய சீரகம் போல.

தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவர் அவற்றை வெகுநேரம் பார்த்தார்.

“நான் அப்பவே நெனச்சேன்,” என்றார்.

அன்றே தாயைக் கொக்கோ மரத்தில் விட்டோம். முட்டைகளை ஈரமண் போட்ட பிஸ்கட் டின்னில் வைத்தார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் காலையும் மாலையும் மண்ணில் செருகி, நோயாளிச் சீட்டு ஒன்றில் குறித்துவைத்தார். அந்தச் சீட்டில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். வயது என்ற இடத்தில் நாள் கணக்கு. அந்த தெர்மாமீட்டரை இனி என் வாயருகே கொண்டுவர வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

இடையில் அவர் இரண்டு வாரப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. டின்னை என்னிடம் ஒப்படைத்தார். போன மூன்றாம் நாள் செவ்வெறும்பு ஏறி ஒரு முட்டையை ஓட்டையாக்கிவிட்டது. நான் உட்கார்ந்து அழுதேன். ஓணான் முட்டைக்கு அழுகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மற்ற இரண்டையும் எடுத்துத் துடைத்து, புது மண்ணில் வைத்து, டின்னைத் தண்ணீர்ப் பேசினுக்கு நடுவில் ஒரு கல்மேல் நிறுத்தினேன். அவர் திரும்பி வந்ததும் முதல் வேலையாக நடந்ததைச் சொன்னேன். அவர் சீட்டை எடுத்து, எதையோ எழுதப்போய், எழுதாமல் வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் தாண்டி ஒரு முற்பகல், மண்ணுக்கு மேலே ஒரு மூக்கு தெரிந்தது. நான் செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் மண்டோரின் பாதத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, வெளிய வந்திருச்சு.”

பாதிக் கட்டோடு மண்டோரும், வரிசையில் இருந்த பெண்களும் எங்கள் பின்னால் வந்துவிட்டார்கள். சுண்டுவிரலைவிடச் சின்ன உடம்பு, அதைப்போல மூன்று மடங்கு வால், நனைந்த தளிர்ப் பச்சை. மண்டோர் மெதுவாக, “டிரெசர் ஐயா, இது ஆணா பொண்ணா?” என்றார். என் கணவர் காதில் விழாததுபோல் குனிந்துகொண்டார்.

இன்னொரு முட்டை பொரிக்கவேயில்லை. அந்த ஒரு குஞ்சை அலமாரிக்குள் விட்டு, அதற்கு நான் அரிசி வண்டு பொறுக்கினேன், கொசு பிடித்தேன், இலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ஆறாம் நாள் மதியம் தூங்கி எழுந்து பார்த்தால் அலமாரி திறந்து கிடந்தது. வேலியோரம் விட்டுவிட்டேன் என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கடலோர ஜெராமுக்கு நண்டு சாப்பிடக் கூட்டிப்போனார். போகிற வழியில், முன்னால் பார்த்தபடியே சொன்னார்: “அது மூணு நாளா ஒண்ணுமே திங்கல. நீ வச்சத எல்லாம் நான்தான் எடுத்துக் கொட்டினேன். உள்ள இருந்தா செத்திருக்கும்.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா.”

“நீ அவ்வளவு சந்தோஷமா கொசு பிடிச்சுக்கிட்டு இருந்த.”

காற்றில் சேலைத் தலைப்பைச் சக்கரத்தில் சிக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் தோளில் வைத்துக்கொண்டேன்.