நீலப் பெட்ரோல்

எங்கள் தோப்பில் தானாக விழுந்த தேங்காயைக்கூட அப்பா காதோரம் வைத்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் அனுப்புவார். பால்காரர் கேனைத் திறந்தால் விரலை விட்டுப் பார்ப்பார். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டை இறங்கும்வரை படித்துக்கொண்டே வருவார். அவருக்குப் பெண்ணாகப் பிறந்த எனக்கு அந்தக் குணம் கேட்காமலேயே வந்து சேர்ந்தது. ஒன்பது வயதில் நான் உலகத்தில் முழுசாக நம்பிய ஆள் அப்பா ஒருவர்தான். மற்ற எல்லோர் மேலும் ஒரு கண் வைத்திருந்தேன்.

அதில் முதல் இடம் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. நாமக்கல்லில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். தவணை கட்ட முடியாமல் போக, ஒரு நாள் டீக்கடை வாசலில் நிறுத்தியிருந்த லாரியை பைனான்ஸ்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பக்கம் இதை ‘சீஸ் பண்ணிட்டாங்க’ என்பார்கள். லாரித் தொழில் நடக்கும் ஊரில் சாவுச் செய்தியையும் சீஸ் ஆன செய்தியையும் ஒரே மாதிரி தணிந்த குரலில்தான் சொல்வது வழக்கம். லாரி போனபின் மாமா ஒரே ஒரு பையோடு, பரமத்தி வேலூர் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்து, மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் தங்கிக்கொண்டார். அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பா ‘இருக்கட்டும்’ என்றார். அப்பாவின் அகராதியில் அதற்கு ‘பார்க்கலாம்’ என்று அர்த்தம்.

மோட்டார் ரூமில் ஒரு பழைய புல் வெட்டும் மிஷின் கிடந்தது. பெட்ரோலில் ஓடுவது. தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்துக் கிளப்பினால், நீளக் கம்பியின் நுனியில் நைலான் நரம்பு சுழன்று கோரைப்புல்லையெல்லாம் அரிந்து தள்ளும். அப்பா அதை யாரிடமோ பழசாக வாங்கி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, அது நின்றுபோனதும் விற்றவனை ஒரு வாரம் திட்டித் தீர்த்து, மூலையில் சாத்திவிட்டார். மாமா வந்த மூன்றாம் நாள் அதைச் சாக்கின் மேல் பிரித்துப் போட்டார். கார்பரேட்டரைக் கழுவினார், புது பிளக் போட்டார், அறுந்த கயிற்றை மாற்றினார். இழுத்த இழுப்பில் மிஷின் ஊரைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது.

அப்புறம் மாமாவுக்கு அதுதான் பிழைப்பு. எங்கள் பக்கம் கோழிப்பண்ணைகளுக்கா குறைச்சல். கொட்டகையைச் சுற்றிப் புல் வளர்ந்தால் பாம்பு அடையும் என்று பண்ணைக்காரர்கள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். விடிவதற்கு முன்பே முட்டை வண்டி ரோட்டில் வந்து ஹாரன் அடிக்கும். மாமா மிஷினை ஒரு தோளிலும் வெள்ளைப் பெட்ரோல் கேனை ஒரு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு அந்த அரையிருட்டில் அதில் ஏற ஓடுவார்.

அப்பாவுக்கு இது உறுத்தியது. தன்னிடம் செத்துக் கிடந்த மிஷின் இன்னொருவர் கையில் உயிரோடு ஓடினால் யாருக்குத்தான் உறுத்தாது?

“உன்ற மாமன் அந்தக் கேன்ல என்னமோ பண்றான். ஒரு கண்ணு வெச்சுக்க அம்மிணி,” என்றார்.

எனக்கு அது போதும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டுப்பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மோட்டார் ரூம் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். மாமா சாயங்காலம் பங்க்கிலிருந்து பெட்ரோல் வாங்கி வருவார். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பி வரும்போது கேனைக் குலுக்கிக்கொண்டே வருவார். பெட்ரோல் என்ன தயிரா, குலுக்கிக் குடிக்க? ஒரு நாள் அவர் கேனை வாசலில் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போன நேரத்தில், பெட்ரோல் நின்ற மட்டத்தில் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்தேன். அவர் உள்ளே கொண்டுபோய்த் திரும்ப எடுத்து வந்தபோது மட்டம் பொட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அவர் சாப்பிடப் போனதும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் நீலமாக இருந்தது.

நீலம் என்றால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், ரேஷன் கடைச் சீமெண்ணெய். யாரும் அதைத் திருட்டுத்தனமாக வேறு எதிலும் கலந்துவிடக் கூடாது என்றுதான் அரசாங்கமே அதற்குச் சாயம் போட்டு அனுப்புகிறது என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு டம்ளரில் கேனில் இருந்ததைக் கொஞ்சம் ஊற்றி எடுத்துப்போய், சமையலறைச் சீமெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. டம்ளரை அப்படியே அப்பாவிடம் கொண்டு ஓடினேன். பயத்தில் இல்லை, பெருமையில்.

அப்பா டம்ளரை மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசம்தான் அடித்தது. அது அவருடைய சந்தேகத்தை இன்னும் பலப்படுத்தியது. “கலப்படம் பண்றவன் நாத்தம் தெரியற மாதிரியா பண்ணுவான்?” என்றார். ஆனாலும் அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அந்த வருஷம் இதே போல் ஒரு புது மிஷின் வாங்கியிருந்தார். அவரிடம் போய் விசாரித்தார். வெறும் பெட்ரோல்தானுங்க, வேற ஒண்ணும் அதுல கலக்கக் கூடாதுன்னு கடைக்காரரே சொன்னாருங்க என்று அவர் சொல்லிவிட்டார். மொபெட் வைத்திருந்த யாரையாவது கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். அப்பா பைக் ஓட்டுகிறவர். மொபெட்காரர்களிடம் அவர் எதுவும் கேட்பதில்லை.

அன்று மாமா முடிவெட்டிக்கொள்ள ஊருக்குள் போயிருந்தார். அப்பா பங்க்குக்குப் போய் நல்ல பெட்ரோல் வாங்கி வந்தார். மிஷின் டேங்கில் இருந்ததையும் கேனில் இருந்ததையும் வேலியோரத்து விஷப்பூண்டின் மேல் கொட்டினார். இரண்டிலும் புதுப் பெட்ரோலை ஊற்றினார். நான் புனலைப் பிடித்துக்கொண்டேன். சுத்தமான பெட்ரோல் குடித்த மிஷின் நாளைக்கு எப்படி ஓடப் போகிறது பார் என்றார். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்த மாதிரி இருந்தது எங்கள் இருவருக்கும்.

மறுநாள் மத்தியானமே மாமா டவுன் பஸ்ஸில் கேனோடு மட்டும் வந்து இறங்கினார். மிஷின் எங்கே என்று அம்மா கேட்டதற்குப் பண்ணையிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். முகம் சொன்னது வேறு. சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் யாருக்கோ போன் செய்தார். நான் தொட்டிக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“மிஷினு சீஸ் ஆயிருச்சுங்ணா. நாளைக்கு வர முடியாதுங்க. வேலூர்லதான் கெடக்குது. மச்சானுக்குத் தெரியறதுக்குள்ள எப்படியாச்சும் வெளிய எடுத்துப்போடோணும்.”

நான் ஒரே ஓட்டமாக வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஓடினேன். அப்பா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, “சீஸுன்னா சொன்னான்? நல்லாக் கேட்டயா?” என்றார். சத்தியம் செய்தேன். அதற்கு மேல் விளக்கம் எதற்கு? மாமா எங்கள் மிஷினை வேலூரில் ஏதோ ஒரு பைனான்ஸில் வைத்துப் பணம் வாங்கியிருக்கிறார், கட்டவில்லை, அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லாரியை விட்டவர் மிஷினை விடமாட்டாரா? அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லி, இனிமேல் அவன் இங்கே இருக்கக் கூடாது என்றார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். “இன்னிக்கு அவன வெளிய அனுப்புனீங்கன்னா அவனுக்குப் போறதுக்கு எடமில்லீங்க.”

“மொதல்ல மிஷின நான் கண்ணுல பாக்கோணும்,” என்றார் அப்பா.

மூன்று பேரும் பைக்கில் வேலூருக்குக் கிளம்பினோம். நான் டேங்கின் மேல், மாமா பின்னால். மாமாவின் மடியில் அந்த வெள்ளைக் கேன் இருந்தது. போகும் வழியில் அப்பா தலையைத் திருப்பாமலே, எந்த பைனான்ஸ் மாப்ள என்று கேட்டார். மாமாவுக்குப் புரியவில்லை. “பைனான்ஸுங்களா? மிஷினு ஒர்க்சாப்புலதானுங்க மச்சான் கெடக்குது,” என்றார். எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒர்க்சாப்பில் உண்மையாகவே மிஷின் கிடந்தது. இஞ்சினைத் திறந்து வைத்திருந்தார்கள். மெக்கானிக் ஒரு சின்னப் பிஸ்டனை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். பூனை பிறாண்டின மாதிரி அதன் உடம்பெல்லாம் கோடு. “இஞ்சின் சீஸ் ஆயிருச்சுங்க. சூட்டுல பிஸ்டன் போய் இறுகிப் புடிச்சுக்கிச்சு,” என்றார். லாரி முதலாளிகளுக்கு ஒரு சீஸ், மெக்கானிக்குகளுக்கு ஒரு சீஸ் என்பது அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவர் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மெக்கானிக் நிறுத்தவில்லை. புது மாடல் மிஷினில் இஞ்சின் ஆயிலுக்குத் தனியாக இடம் உண்டு, அதற்கு வெறும் பெட்ரோல் போதும். இந்த மாதிரிப் பழைய மிஷினுக்கு, மொபெட்டுக்குச் செய்வதுபோல, ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து குலுக்கி ஊற்ற வேண்டும் என்றார். பேச்சோடு பேச்சாக ஒரு பாட்டில் பெட்ரோலில் கொஞ்சம் ஆயிலை ஊற்றிக் காட்டினார். பெட்ரோல் நீலமாக மாறியது.

“இந்த ஆயிலு இல்லாம ஓட்டியிருக்கீங்க. யாருங்க வெறும் பெட்ரோல ஊத்துனது?”

நான் எக்கி அப்பாவின் காதில், “அப்பா, இவரும் கூட்டுதான். இங்கயும் சீமெண்ணெ வெச்சிருக்காரு,” என்றேன். அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வலித்தது.

மாமா கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதில் மிச்சம் இருந்ததில் நீலமே இல்லை. பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா அப்போது ரோட்டில் போகும் கரூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாந்தானுங்ணா,” என்றார் மாமா. “அவசரத்துல ஆயிலு ஊத்த மறந்துட்டேன்.”

லாரி ஓட்டின ஆளு இதையா மறப்பீங்க என்று மெக்கானிக் அத்தனை பேர் முன்னாலும் கடிந்துகொண்டார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டாரே.

ரிப்பேர் செய்வதற்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் சொல்ல, அப்பா அதே தெருவில் ஒரு கடையில் புது மிஷின் வாங்கினார். ஆயில் கலக்கத் தேவையில்லாத மாடல். பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்றார். அப்பா ஒரு பொருளைத் திறந்து பார்க்காமல் வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வீட்டில் அம்மா மாமாவைத் திட்டித் தீர்த்தாள். உன்னை நம்பி அவர் முன்னால் பேசினேனே என்று அழுதாள். மாமா குனிந்தபடி சாப்பிட்டார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அவர் புது மிஷினைத் தொடவே இல்லை. பதினைந்து நாளில், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு போர்வண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போய்விட்டார். குற்றம் செய்தவர்கள் ஓடித்தானே போவார்கள் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தம்பிக்குப் பொறுப்பு போதாது, ஒரு நல்ல மிஷினைக் கெடுத்துவிட்டான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அன்று வேலூரிலிருந்து திரும்பும்போது அப்பா ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினார். நான் கேட்கவே இல்லை. உள்ளே போய்ப் பெரிய கப் ஐஸ்கிரீம் ஒன்றை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். தின்பண்டத்துக்கு அழுதால்கூட வாங்கித் தராத மனிதர். துப்புத் துலக்கியதற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, எவரையும் நம்பாத நான், அதை ஒரு வாய்கூடச் சந்தேகப்படாமல் தின்றேன். என்னைத் தவிர அம்மாவிடம் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. புது மிஷின் பெட்டியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்த மாமா, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வாயைத் துடைக்க வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.