கொழுந்தனார் போனுக்குப் போன ஓடிபி

சகோதரிகளே, போன புரட்டாசியில் என் மகளின் படிப்பு ஒரு சனிக்கிழமையோடு முடிந்துபோக இருந்தது. மாரியாத்தா அதைத் தடுத்துவிட்டால், நம் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் எல்லோர் முன்பும் சொல்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அதனால்தான் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கணவர் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகள் தேன்மொழி, திண்டிவனத்தில் நர்சிங் சேர்ந்தாள். முதல் கட்டணத்துக்கு என் தோடு போனது. மீதிக்கு உதவித்தொகை வந்தால்தான் உண்டு. வராவிட்டால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்கள்.

ஆன்லைனில் தேடுங்கள், கொட்டிக் கிடக்கிறது என்றார்கள் எல்லோரும். தேடினேன். கடை கழுவி முடித்து, மதியம் போனை எடுத்துக்கொண்டு உட்காருவேன். முதலில் வீடியோக்காரர்கள். உங்கள் பிள்ளைக்கு உடனே ஐம்பதாயிரம் என்று ஆரம்பிப்பான், பத்து நிமிஷம் தன் சேனலைப் பற்றியே பேசுவான், கடைசியில் கீழே லிங்க் இருக்கிறது என்பான். தொட்டுப் பார்த்தால், முந்தின வருஷமே முடிந்துபோன அறிவிப்பு. ஊரார் பிள்ளைகளின் கஷ்டத்தில் லைக் வாங்கிப் பிழைக்கிறார்கள்.

அடுத்து ஓர் அறக்கட்டளை, பெயர் வேண்டாம். வீட்டு வாசலில் நான் நிற்கிற போட்டோ கேட்டது. ஓடும் சுவரும் நன்றாகத் தெரிய வேண்டுமாம். அதுவும் போதாமல், ‘இந்த உதவிக்கு நான் ஏன் தகுதியானவள்’ என்று என் மகள் ஐந்நூறு வார்த்தை எழுத வேண்டுமாம். இல்லாமையைக்கூட ஜோடித்து எழுதத் தெரிந்தவளுக்குத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது. எழுதினாள், பதிலே இல்லை. இன்னொருவன் பதிவுக் கட்டணம் கட்டினால் உதவித்தொகை என்றான். உதவி கேட்டு வருகிறவளிடமே பிடுங்கித் தின்கிற அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று ஆத்தாளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

கடைசியில் கல்லூரியிலேயே சொன்னார்கள். அரசாங்க உதவித்தொகை இருக்கிறதாம், என் மகளுக்குக் கிடைக்குமாம், சனிக்கிழமைதான் கடைசி நாளாம். இத்தனை நாள் வாயில் என்ன வைத்திருந்தார்களோ அந்த மகராசர்கள்.

வியாழக்கிழமை தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு பஜாரில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அந்த ஆள் ஒரு கையில் டீயும் ஒரு கையில் கம்ப்யூட்டருமாக ஒரு மணி நேரம் தட்டினான். எல்லாம் முடிந்தது. மகளின் ஆதார் எண்ணைப் போட்டால் ஓடிபி வரும், அதைச் சொன்னால் ஆயிற்று என்றான். போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை.

“ஆதார்ல எந்த போன் நம்பரம்மா குட்த்தீங்க? இதுல கடைசி நாலு நம்பர் காட்டுது பாருங்க.”

பார்த்தேன், அது என் நம்பர் இல்லை. எங்கள் தெருவே சேர்ந்து செய்த முட்டாள்தனம் அது. ஆதார் எடுக்க வந்தபோது முக்கால்வாசிப் பேரிடம் போன் கிடையாது. யாரிடம் இருந்ததோ அவர்கள் நம்பரை எல்லோரும் கொடுத்தோம். என் கணவர் கொடுத்தது அவர் தம்பியின் நம்பர். அந்தக் கொழுந்தனார் சிங்கவரத்தில் இருக்கிறார். பெண் பத்தாவது முடித்தபோது என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, “படிச்சது போதும் அண்ணி, கம்பெனிக்கு அனுப்புங்க. படிச்சி இன்னா கலெக்டராவா ஆவப்போவுது?” என்று சொன்ன மனுஷன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நான்தான் சொன்னேன்.

நம்பரை மாற்றினால் ஏறுவதற்கு நாலைந்து நாள் ஆகும், அதற்குள் இணையதளத்தை மூடிவிடுவார்கள் என்றான் சென்டர்காரன். நான் கேட்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கு, இன்னொரு தரம் அமுக்கு என்று வியாழனும் வெள்ளியும் ஏழெட்டுத் தடவை அமுக்க வைத்தேன். அமுக்க அமுக்க அது மனசு மாறி என் போனுக்கு வந்துவிடும் என்கிற என் அறிவை என்ன சொல்ல.

“நானு சித்தப்பாவ கேக்கட்டுமாம்மா?” என்றாள் தேன்மொழி.

“கேட்ட, அப்பறம் நான் உனுக்கு அம்மா இல்ல” என்றேன். பெற்ற பெண்ணின் படிப்பைவிட என் வீறாப்பு எனக்குப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு பூஜையில் உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆத்தா, என் பொண்ணு படிக்கணும், ஆனால் அந்த ஆள் வாசலை நான் மிதிக்கக் கூடாது என்று வேண்டினேன். இப்படி நிபந்தனை போட்டு யாராவது சாமி கும்பிடுவார்களா? நான் கும்பிட்டேன், அழுதேன்.

சனிக்கிழமை காலை, தட்டில் இருந்து இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். கடை முன்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. கொழுந்தனார், கையில் ஒரு பழைய பட்டன் போனோடு இறங்கினார்.

“அண்ணி, எவனோ தேன்மொழி ஆதார நோண்டிக்கினு இருக்கறான். ரெண்டு நாளா இதுல நம்பரா வந்துனே இருக்குது. மெசேஜில இருந்த நாலு நம்பர வூட்ல இருந்த ஆதார் ஜெராக்ஸோட வச்சிப் பாத்தன், நம்ம புள்ளதுதான்.”

“நோண்டுனது நாந்தான். காலேஜ் பணத்துக்கு எழுதிப் போட” என்றேன். பிறகு கேட்டேன், “நீங்க வேற நம்பர் வாங்கிட்டதா சொன்னாங்களே?”

“வாங்கிட்டன். அதுக்கோசரம் இத்த வுட முடியுமா? அண்ணன் குட்த்த நம்பராச்சே. உங்க வீட்டு ஆதாரெல்லாம் இதுலதான் இருக்குது. மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணித்தான் வச்சிருக்கறேன்.”

இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். உங்கள் காதுபடவே ஏசியிருக்கிறேன். நான் ஏசிக்கொண்டிருந்த ஒவ்வொரு மாதமும் அவர் எங்களுக்காக அந்த நம்பரைச் சாகவிடாமல் வைத்திருந்தார். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

கடையை அப்படியே போட்டுவிட்டு மூன்று பேரும் சென்டருக்குப் போனோம். போகிற வழியிலேயே ஆரம்பித்தார், “இருந்தாலும் அண்ணி, பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ படிப்பு...”

“வாய மூடிக்கினு வாங்க” என்றேன். ஆத்தாள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள், திருத்திக் கூட்டி வரவில்லை. சென்டரில் ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டு அவர்தான் வாசித்தார். விண்ணப்பம் போய்விட்டது. தை மாதம் பணம் வந்தது. என் மகள் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

சகோதரிகளே, அவர் வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். ஆத்தாள் அவரை என் வாசலுக்கு அனுப்பி, என் வீறாப்பின் யோக்கியதையை எனக்கே காட்டினாள். வீடியோக்காரனை நம்பாதீர்கள், அவளை நம்புங்கள். கோணல் புத்தியோடு கேட்ட எனக்கே கொடுத்தவள் உங்களுக்குக் கொடுக்க மாட்டாளா?

இந்த வருஷம் உதவித்தொகையைப் புதுப்பிக்கப் போனபோது சென்டர்காரன் கேட்டான், “ஆதார்ல உங்க நம்பரையே ஏத்திடலாமாம்மா? ஒவ்வொரு வருஷமும் அவர எதுக்குத் தேடணும்?”

வேண்டாம், அந்த நம்பரே இருக்கட்டும் என்றேன். அங்கேயே நின்று கொழுந்தனாருக்குப் போன் போட்டு, காலையில் இட்லி சாப்பிட வரச் சொன்னேன்.