பெட்டிக்குள் இருந்த தீபாவளி

கார்த்திகை முடியப்போகிற ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. வாங்கியதும் நான்கு மூலைகளையும் பார்த்தேன். மஞ்சள் இல்லை.

அறுபத்தைந்து வயதில், இந்த வருடம்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பு நான் கடிதம் படித்த முறை இதுதான். மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல செய்தி. நின்றபடியே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வேன். மஞ்சள் இல்லாவிட்டால் முதலில் உட்கார்ந்துகொள்வேன். அன்றும் உட்கார்ந்தேன். ஆனால் கடிதத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். கொல்லங்கோட்டில் என் அண்ணி நாச்சம்மாள் அவர்கள் மூன்று நாள் காய்ச்சலில் காலமாகிவிட்டார்கள். அடக்கமும் முடிந்துவிட்டது.

நம் வாசகசாலை நண்பர்களே, நீங்கள் அண்ணியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் லீவும் முடிந்து நான் தகர டப்பாவில் கொண்டுவரும் அதிரசத்தை மட்டும் தின்றிருக்கிறீர்கள். அது அவர் சுட்டது. அவரைப் பற்றி நம் கையெழுத்து இதழில் எழுத ஆசைப்பட்டேன். ஒன்பது நாளாக எழுதுகிறேன். எழுத எழுத எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது; அவரை நினைத்தால் அப்படித்தான்.

தீபாவளிச் சமயத்தில் மலையில் தேயிலைக் கொழுந்து தள்ளும். ஒரு நாள்தான் லீவு என்பது உங்களுக்குத் தெரியும். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, பொள்ளாச்சியில் ரயில் பிடித்துக் கொல்லங்கோடு போய்ச் சேர ஒரு நாள் போதாது. டிசம்பர் கடைசியில் துரைமார் கிறிஸ்துமஸ் கொண்டாடும்போதுதான் நமக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் கிடைக்கும்.

எட்டு வருடத்துக்கு முன்பு அப்படி முதல்முறையாகக் குடும்பத்தோடு போனேன். வாசலில் நின்று, "தீபாவளிக்கு வர முடியாமப் போச்சுங்க அண்ணி" என்றேன்.

"எங்க போச்சுங்க தம்பி? இங்கதான் பொட்டிக்குள்ள இருக்குது" என்றார்.

உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். எங்கள் எல்லோருக்கும் துணி எடுத்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டு, மடித்து வைத்திருந்தார். தீபாவளியன்று அண்ணனும் அண்ணியும்கூடப் புதுத்துணி உடுத்தவில்லை, எண்ணெய் தேய்க்கவில்லை. இரண்டு மாதமாகத் தீபாவளியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்!

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "கெழமை, திதி ஒண்ணும் பாக்காம மார்கழில தீபாவளி கும்பிட்டா ஊரு சிரிக்கும்" என்றார்.

"சிரிக்கட்டுங்க. நோம்பியன்னிக்குச் சிரிக்காம அழுவாங்களா?"

அண்ணன் முதுகைக் காட்டி எண்ணெய்க்கு உட்கார்ந்துவிட்டார்.

அன்று கிறிஸ்துமஸ். எதிர்வீட்டு அந்தோணி கோயிலுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். எங்கள் வாசலில் வெடி வெடிப்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க பண்டிகைக்கு நீங்க வெடி போடறீங்களே அம்மணி!"

அண்ணி ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "பண்டிகைன்னா பண்டிகைதானுங்க அந்தோணி. முறுக்கு எடுத்துக்குங்க" என்றார். அந்தோணி வீட்டிலிருந்து ஒரு சட்டி நிறையக் கறிக்குழம்பு வந்தது. உண்மை அவருக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் குழம்பு வழக்கமாகிவிட்டது.

கேரளம் என்று புது மாநிலம் ஆன வருடம் அண்ணி என்னிடம், "உங்க மலையும் எங்க ஊரும் ஒரே ராஜ்ஜியம் ஆயிருச்சாம். இனி நீங்க தீபாவளிக்கே வந்துரலாமில்லீங்க?" என்று கேட்டார்.

"லீவு இன்னும் அந்த ராஜ்ஜியத்துல சேரலீங்க அண்ணி" என்றேன்.

"அதுவும் நல்லதுதான். அந்தோணி ஊட்டுக் குழம்பு போயிருமில்ல?"

அண்ணிக்கு வரும் கடிதங்களை அந்தோணிதான் படித்துச் சொல்வார். இந்தத் தீபாவளி கழிந்ததும் நான் என் கையால் ஒரு கடிதம் எழுதினேன். வாழ்நாளில் முதல் கடிதம். 'அண்ணிக்கு. நாங்கள் சுகம். கிறிஸ்துமஸ் லீவில் ஆறு பேரும் வருகிறோம். இது நானே எழுதியது.' இவ்வளவுதான். எழுதி முடித்த பெருமையில், ஓடிப்போய்த் தபாலில் போட்டுவிட்டேன்.

பதில் வரவில்லை. பிறகு வந்தது, மஞ்சள் இல்லாத அந்தக் கடிதம்தான்.

கிறிஸ்துமஸ் லீவில் ஆறு பேரும் இறங்கிப் போனோம். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. அது சரிதான். ஆனால் அண்ணி பூட்டி வைத்த பெட்டி அப்படியே கிடக்குமா, எங்களுக்காக எடுத்த துணியை யாருக்காவது கொடுத்துவிடுவார்களா என்பதே வழியெல்லாம் என் கவலை. போனதும் பெட்டி இருக்கும் பக்கம்தான் கண் போனது.

அந்தோணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்க கடுதாசியால அம்மணி பட்ட பாடு தெரியுங்களா? மூலைல மஞ்சளே காணோம். பாத்ததும் வாசல்லயே உக்காந்துட்டாங்க. 'சித்த பொறுங்க, அவரையும் கூப்பிட்டுக்கறேன்'னு உங்க அண்ணனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் படிக்கச் சொன்னாங்க. 'இது நானே எழுதியது'ன்னு நான் முடிச்சதும் சிரிச்சாங்க பாருங்க! 'எழுத்தக் கத்துக்கிட்டு மஞ்சள மறந்துட்டாரு எங்க கொழுந்தனாரு'ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தாங்க."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

"ஒரு வருசத்துக்கு இந்த ஊட்டுல நோம்பி இல்லடா. அதிரசம் கேக்காத, வெடி கேக்காத. ஆனா துணிக்கு அவ முந்தியே மஞ்சள் தொட்டு வெச்சுட்டா. அதை வேண்டாங்கறதுக்கு எனக்குத் தெகிரியமில்ல. தண்ணி வாத்துட்டு உடுத்துங்க."

பூட்டு அவருக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெட்டியை அவர் ஒருநாளும் திறந்தவரல்ல. அந்தோணிதான் திறந்து கொடுத்தார்.

துணிகளுக்கு மேலே என் கடிதம் இருந்தது. அதன் நான்கு மூலையிலும் அண்ணி மஞ்சள் தடவியிருந்தார்.

குளித்துவிட்டு எல்லோரும் புதுத்துணி உடுத்தினோம். அண்ணனும் உடுத்தினார். வெடிச் சத்தம் இல்லை. குழம்பு மட்டும் எதிர்வீட்டிலிருந்து வந்தது.

அண்ணி, இந்த ஒன்பது நாளும் நீங்கள் எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் எழுதினேன். எழுதிய தாள்களை இப்போது அடுக்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவப் போகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதியதில் மஞ்சளா என்று வாசகசாலையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுங்க. போய் வாருங்கள் அண்ணி. இந்த முறை நான் மறக்கவில்லை.