கல்லேரியில் எவ்வளவு இடம் இருக்கிறது

செய்யூருக்குத் தெற்கே உள்ள கல்லேரி, பணி ஆய்வாளர் விஜயகுமாரியின் பொறுப்பு. நீர்மட்டக் கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, அலுவலக அட்டவணையில் அதற்கு நேரே இருக்கும் கொள்ளளவை அனுப்ப வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான் அனுப்பினாள்.

மே மாதம் ஏரி வற்றியபோதுதான் சந்தேகம் வந்தது. மதகு பார்க்கும் சடையப்பனோடு உள்ளே இறங்கி, முப்பது இடங்களில் கடப்பாரையை இறக்கிப் பார்த்தாள். மேற்குப் பக்கம் முழுக்க நாலடி வண்டல். அறுபது மில்லியன் கன அடி பிடிக்கும் என்று அட்டவணை சொன்ன ஏரி, அவள் கணக்கில் நாற்பதைத் தாண்டவில்லை. எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை.

நவம்பரில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை, மேலே இருக்கும் ஏரி நிரம்பி வழிவதாகத் தகவல் வந்தது. அந்தத் தண்ணீர் கல்லேரிக்குத்தான் வரும். பொறியாளர் தாமோதரனுக்குப் போன் போட்டாள்.

"பாதி ஏரி காலியா இருக்கும்மா. முப்பது தாங்கும். வர்றது இருபதுதான்."

"நான் அளந்ததுல பதினஞ்சுக்கு மேல இடம் இல்ல சார்."

"மதகைத் திறக்காதீங்க, கீழ வயல்ல நாத்து நட்டு பத்து நாள்கூட ஆகல, முழுகிடும். ஜனங்களை வேணும்னா நகர்த்துங்க" என்றார்.

உபரித் தண்ணீர் வழியும் கலங்கலுக்குக் கீழே இருபத்திரண்டு வீடுகள். பன்னிரண்டு மணிக்குள் வழிந்துவிடும் என்று வீடு வீடாகச் சொன்னாள்.

"ஏரி பாதி காலியா கீதுன்னு என் வூட்டுக்காரரே பாத்துட்டு வந்தாரு. கைக்கொழந்தய தூக்கினு மழையில எங்க போவ சொல்ற?" என்று சந்திரம்மா சண்டைக்கு வந்தாள். ஆனாலும் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

பன்னிரண்டு ஆயிற்று. வழியவில்லை. இரண்டும் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் முணுமுணுப்பு கூடிக்கொண்டே போனது. விஜயகுமாரி தன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். முப்பது இடத்தில் பார்த்தது போதாதோ? குத்திப் பார்க்காத இடமெல்லாம் பள்ளமோ?

மூன்றரைக்குக் கலங்கலில் நின்ற சடையப்பன் போனில், "இன்னும் அரை ஜாண்தான் கீது மேடம்" என்றான். அதே நேரம் சந்திரம்மா குழந்தையோடு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தாள். விஜயகுமாரி குறுக்கே போய் நின்றாள்.

"வழிய வுடும்மா."

"பத்தே நிமிஷம். அப்புறம் என்னைத் திட்டிக்கினே போ."

மூன்று நாற்பதுக்குச் செந்தண்ணீர் கலங்கலைத் தாண்டியது. தெருவில் தொடையளவு ஏறியது. சந்திரம்மா வீட்டு மண்சுவர் சரிந்தது. இரண்டு ஆடுகள் போயின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

மாலையில் ஜீப்பில் வந்த தாமோதரனிடம், "பன்னெண்டுன்னு சொன்னேன் சார். மூணு மணி நாப்பது நிமிஷம் தப்பு" என்றாள்.

"நான் வழியவே வழியாதுன்னேன்" என்றார் அவர்.

அடுத்த கோடையில் ஆட்களை வைத்து முறையாக அளந்தார்கள். கல்லேரியின் புது அட்டவணை நாற்பத்து மூன்று என்கிறது. அவள் பார்க்கும் மற்ற ஏரிகளுக்கு இன்னும் பழைய அட்டவணைதான். மழை வலுத்தால் விஜயகுமாரிக்குச் சோறு இறங்குவதில்லை.