வெள்ளி டம்ளரில் என் பெயர்

எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் குழம்பும் பாயசமும் கிண்ணத்தோடு வீடு மாறிக்கொண்டே இருக்கும். பெயர் இல்லாத கிண்ணம் திரும்பி வராது. கன்னடத்தில் வெட்டியிருந்தாலும் தெலுங்கில் வெட்டியிருந்தாலும், நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்பது அம்மாவின் சட்டம்.

அந்தச் சட்டம் ஒரே ஒரு முறை மீறப்பட்டது. என்னால்.

அப்பாவின் தொழிற்சாலைக்கு மிஷின் பூட்ட ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். சில மாதங்கள் அப்பாதான் அவருக்குக் கையாளாக இருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவுக்கு ஒரு வெள்ளி டம்ளர் கொடுத்தார். ஒற்றைக் காலில் நிற்கும் டம்ளர். உடம்பெல்லாம் திராட்சைக் கொடி. விளிம்புக்குக் கீழே ஒரு வழவழப்பான பட்டை, அதில் சதுரம் சதுரமாக ஒரு வரி எழுத்து.

"அவங்க வீட்டுல ரொம்ப நாளா சும்மா கெடந்துதாம்" என்றார் அப்பா, பெருமையாக.

எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்து. தன் பெயரைத்தான் வெட்ட வேண்டும் என்றான் அவன். ஆண் பிள்ளை என்பதால் வீடே அவன் பக்கம். இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து நான் ஜெயித்தேன். ஆனால் பெயர் வெட்ட இடமில்லை. இருந்த ஒரே பட்டையில் அந்த எழுத்து.

பாகலூர் சாலையில் பாலிஷ் பட்டறை வைத்திருந்த மாமா டம்ளரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா இந்த அழுவ? சக்கரத்துல ரெண்டு புடி புடிச்சா மொகமே பாக்கலாம்."

அம்மா தயங்கினாள். "யாரு பேரோ மாதிரி இருக்குதேடா."

"இருந்தா இருக்கட்டும்க்கா. என்னா, ஓசூர் பஸ்ஸப் புடிச்சி வந்து எங்க டம்ளரக் குடுன்னு கேக்கவா போறாங்க?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மறுநாள் பட்டறையில் மாமாவின் பக்கத்திலேயே நின்றேன். "தள்ளி நில்லு பாப்பா, கண்ணுல தூளு பட்ரும்" என்றார். "சீக்கிரம் மாமா" என்றேன். எந்த ஓரத்திலிருந்து படிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாத அந்த வரி, ஓர் ஓரத்திலிருந்து மறைந்துகொண்டே வந்தது. விரலில் ஒட்டிய கறுப்புத் தூளை மாமா தன் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே பாத்திரக்கடையில் என் பெயரை வெட்டினார்கள். கல்யாணமாகும்வரை அதில்தான் பால் குடித்தேன்.

போன வாரம் ஒன்பதாவது படிக்கும் என் மகள் வரலாற்றுப் பாடத்துக்காக போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா, இங்க பாரேன், நம்ம டம்ளரு!"

ஏதோ ஒரு தேசத்து அருங்காட்சியகத்தின் படம். அதே கொடி, அதே பட்டை, அதே சதுர எழுத்து; யூதர்களின் எபிரேய எழுத்தாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூதக் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து, திராட்சை ரசம் ஊற்றி ஜெபம் சொல்லும் கோப்பையாம். உலகப் போரின்போது அந்தக் கோப்பைக்குரியவர்களை நாஜிகள் கொலை முகாமுக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்களாம். ஒருவரும் திரும்பவில்லை. வீட்டுச் சாமான்களை அக்கம்பக்கத்தார் பங்கு போட்டுக்கொண்டார்களாம்.

அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தேன். பட்டைக்குள் நீண்டிருந்த, சக்கரம் எட்டாத ஒரு திராட்சை இலையின் அடியில் ஒன்றரை எழுத்து இன்னும் இருக்கிறது. பக்கத்தில், கோணலாக, என் பெயர்.

சும்மா கிடந்ததாம்! பெயர் வெட்டிய பாத்திரம் அடுத்தவன் வீட்டில் எப்படிச் சும்மா கிடக்கும்? எங்கள் லைன் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்று. அந்த ஊரில் அதைச் சொல்ல ஓர் அம்மாகூடவா இல்லை?

நம்முடையது அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்கிறார் கணவர். அவசியமில்லைதான். ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஒரே வரியை நாங்கள் தேய்த்துவிட்டோமே.

"அதுல யார் பேரும்மா இருந்துச்சு?" என்றாள் மகள். அண்ணனோடு சண்டை போட்டு ஜெயித்த ஒரு பெண்ணின் பெயராகவும் இருந்திருக்கலாம். அவள் டிபன் பாக்ஸில் நான் வெட்டிக் கொடுத்த பெயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் பஸ் பிடித்து வரமாட்டார்கள் என்பது அன்றைக்கே எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏன் வரமாட்டார்கள் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.