மேல் பலகையில் மட்டும் 710

சமையலறை அலமாரிக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட் வாங்க, படுக்கையில் கிடந்த என் கணவர் என்னை அனுப்பினார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. "ஒவ்வொரு பலகையிலயும் 710னு அச்சு இருக்கும், பாத்து எடு" என்றார்.

கடையில் மேல் பலகையில் 710 இருந்தது. அடுத்ததைத் தூக்கினேன். "ஒண்ணொண்ணா பொறுக்க இது என்ன முட்டையாக்கா?" என்று கடைக்காரர் சிரித்தார். கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் பாத்தியா?" என்று என் கணவர் கேட்டார்.

"பாத்தேங்க."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த மாதம் இறந்துபோய்விட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் சிங்க்குக்குக் கீழே பலகை உப்பிப் பிளந்தது. மேலே ஒட்டிய லேமினேட் பெயர்ந்த இடத்தில் 303 என்றிருந்தது. அது சாதாரண பிளைவுட்டாம். பலகையை மாற்றிவிட்டேன். அவரிடம் சொன்ன பொய்யை என்ன செய்வது?

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் யார் வீட்டில் மரவேலை நடந்தாலும் கூடவே கடைக்குப் போகிறேன். யார் சிரித்தாலும் சரி, ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றவிடுகிறேன்.