பிறந்தநாளுக்கு வந்த கோடித்துணி

அம்மாவுக்கு நூறு வயது நிறையப் போகிறது என்று எனக்கு நினைவூட்டியவர் முதியோர் இல்லத்து நிர்வாகி. கருங்கல் பக்கத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது அந்த இல்லம். அங்கே நூறைத் தொடும் முதல் ஆள் அம்மாதான் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பந்தல், கேக், அவியலும் பாயசமும் வைத்து இலைச் சாப்பாடு, ஒரு பெரிய மனிதரைக் கூட்டிவந்து பொன்னாடை என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் தலையை ஆட்டினேன். அம்மா ஒரு கரண்டி கஞ்சி குடிப்பாளா என்று நான் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவருக்குப் பொன்னாடை.

அம்மா சாப்பாட்டை நிறுத்தியிருந்தாள். நோய் என்று ஒன்றும் இல்லை. கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். காதுக்குள் வாயை வைத்துச் சொன்னால் கேட்கும். ஊட்டுவது நானா இல்லத்து ஆயாவா என்பதுகூட அவளுக்குப் பிடிபடாது, இரண்டு பேரையும் "பிள்ளே" என்றுதான் கூப்பிடுவாள். கரண்டி உதட்டில் பட்டதும் வாயை இறுக்கிக்கொள்வாள். "எனக்க மோன் வரட்டு. அவன் வந்த பொறவு தின்னுதேன்." தினமும் இதே பேச்சு. இந்த வயதில் குழாய் போட்டு வதைக்க வேண்டாம், அவர்கள் கேட்கிற ஆளைக் கூட்டிவந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்!

அந்த மோன் என் அண்ணன், சென்னைவாசி. என் வீட்டுக்காரர் போன பிறகு அம்மாவை நான்தான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒருநாள் அவளைத் தூக்கி நிறுத்தப் போய், இரண்டு பேரும் குளியலறையில் விழுந்து கிடந்தோம். பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் இல்லம். தன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கூட்டிப்போக வழியில்லை என்றான் அண்ணன். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இல்லத்தில் சேர்த்தது தெரிந்ததும் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். "குடும்ப மானமே போச்சு. அந்த கேட்ட நான் மிதிக்க மாட்டேன்" என்றான். வேறு எந்தச் சொல்லையும் அவன் இப்படிக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

கெஞ்சினேன். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று போனில் அழுதேன். "கொண்டு விட்டது நீ. நீயே பாத்துக்க" என்றான். பிறந்தநாளைச் சொல்லி மறுபடியும் கூப்பிட்டேன். "கேக்கு வெட்டுகதப் பாக்க அம்புட்டு தூரம் வரணுமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டான். அதற்கு மேல் யாரிடம் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலையில் நிர்வாகி சாலைச் சந்திப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார். நடுவில் வட்டத்துக்குள் அம்மாவின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே ஒரு மூலையில் பிறந்த வருஷம், மறு மூலையில் இந்த வருஷம். பிறந்தநாள் என்ற எழுத்து உச்சியில், மரக்கிளைக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தொங்கும் கண்ணீர் அஞ்சலி போர்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. "நல்லா இருக்குல்லா?" என்று கேட்டார் நிர்வாகி. நல்லா இருக்கு சார் என்றேன்.

யாரோ அதை, உச்சியை விட்டுவிட்டுப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் அண்ணன் மனைவி, என் மைனி, அழுதுகொண்டே போன் செய்தாள்.

"எப்பம் பிள்ளே போச்சு? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? அவிய இங்க தலையில அடிச்சிட்டுக் கெடக்காவ."

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், 'ஐயோ மைனி, அம்மைக்கு ஒண்ணுமில்ல' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள், சாவுச் செய்தி கேட்டவர்கள் எல்லோரும் கேட்பதைக் கேட்டாள். "எப்பம் எடுக்குது?"

"அண்ணன் வந்த பொறவுதான் எல்லாம்" என்றேன்.

"எங்க கெடத்தியிருக்கு?"

"இல்லத்துலதான் இருக்கா."

"அவிய அங்க..." என்று இழுத்தாள். "இனி அதப் பாத்தா முடியுமா? ராத்திரி பஸ்ஸுல ஏறுதோம்."

போனை அணைத்து வைத்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? உயிரோடு இருக்கிற தாயைச் செத்தவளாக்கினாள் என்று ஊர் பேசும். பேசட்டும். பேசுகிறவர்கள் யாரும் அம்மாவின் இறுகிய உதட்டுக்கு முன்னால் கரண்டியோடு உட்கார்ந்ததில்லை. எனக்கு இருந்தது ஒரே பயம். வழியில் யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் அவன் திருநெல்வேலியிலேயே இறங்கித் திரும்பிவிடுவான். உயிரோடு இருக்கும் அம்மாவைப் பார்க்க அவன் வரமாட்டான் என்பது அவ்வளவு நிச்சயமாக எனக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்துத்தான் அழுதேன்.

மறுநாள் காலையில் பந்தலில் பலூன் கட்டினார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி, முண்டும் நேரியலும் உடுத்தி, சக்கர நாற்காலியில் இருத்தி, தலையில் தங்கநிறக் காகிதக் கிரீடம் வைத்தார்கள். பெரிய மனிதர் வந்தார், பொன்னாடை போட்டார், படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேக்கில் ஒரு துண்டு கிள்ளி அம்மாவின் வாயருகே கொண்டுபோனேன்.

"மோன் வந்தானா?"

"இப்பம் வருவான்" என்று காதுக்குள் சொன்னேன்.

உதடு மூடிக்கொண்டது. பந்திக்கு நேரமாகிறது என்று நிர்வாகி பறந்தார். "கொஞ்சம் பொறுங்க சார், ஒங்க கால்ல விழுகேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டையே பார்த்துப் பார்த்து என் கண் எரிந்தது.

வாடகைக் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். வெள்ளை வேட்டி, அழுது வீங்கிய முகம், கையில் ரோஜா மாலை. மாலைக்கு அடியில் கோடித்துணி. செத்தவர் மேல் போடுவதற்கு உறவுக்காரர்கள் வாங்கிவரும் மடிப்புக் கலையாத புதுத்துணி. மிதிக்க மாட்டேன் என்ற கேட்டை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தான். பலூன்களைப் பார்த்தான். கேக்கைப் பார்த்தான். கிரீடத்தோடு இருந்த அம்மாவைப் பார்த்தான். "எனக்க அம்மோ" என்று மைனி வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி நடந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் ஒரே ஓட்டமாக ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்து அலறினான். எழுபது தாண்டியவன் அப்படி அழுததைப் பார்த்தபோது அவனை வெறுக்க என்னால் முடியவில்லை.

நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா அவன் தலையைத் தடவினாள். "மோனா? எனக்க மோனா?" கன்னத்தைத் தொட்டாள், ஈரமாக இருந்தது. கை கீழே இறங்கி மாலையைத் தடவியது, பிறகு துணியின் விறைப்பான மடிப்பை. அந்த மாதிரித் துணியை அவள் எத்தனை பேருக்குப் போட்டிருப்பாள்!

"கோடியா மக்கா? ஆரு செத்தா?"

அண்ணனின் அழுகை கூடியது.

"ஒனக்க தங்கச்சியா?"

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். இல்லை அம்மை, உனக்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அதிர்ச்சியோ, என் மேல் இருந்த ஆத்திரமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடியும் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். அம்மா அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"கரையாத மக்கா, அழாத. அவளுக்கு எப்பளும் முதுகு வலிதான். போவட்டு. நீ வந்தியே, எனக்கு அது போரும்." அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நீ வல்லதும் தின்னியா, வெறும் வயிறா?"

ஆயா பாயசம் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் ஒரு கரண்டி எடுத்து நீட்டினான். அம்மா வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடியும் திறந்தாள். நான் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டது இதைத்தான். 'நான் சாகல்ல அம்மை' என்று சொல்ல அவள் காதருகே குனிந்தேன். சொன்னால், பின்னே யாருக்கு இந்தக் கோடி என்று கேட்பாள். அது யாருக்கு என்று தெரிந்துவிட்டால் அந்த உதடு மறுபடி திறக்காது. நிமிர்ந்து நின்றேன். கிண்ணம் காலியாகும்வரை நான் வாய் திறக்கவில்லை.